என் கையால் நடந்தது

ஜீப்பில் வரும்போதே அணைக் கம்பெனியின் வக்கீல் அரியாசா சொல்லிவிட்டார்.

"அவர் 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னுதான் சொல்லணும். 'அவர் சொல்றார்'னு இழுக்கக் கூடாது. நீங்க அங்க இல்லவே இல்ல. புரியுதா?"

டெல்ஃபினா சோக்குக்கு அது புதிதில்லை. கோபான் நகரத்தில் ஆங்கிலம், ஸ்பானிஷ், மலை ஊர்களின் கெக்சி மூன்றையும் தடுமாறாமல் பேசுகிற ஆள் வேண்டும் என்றால் அவளைத்தான் கைகாட்டுவார்கள். கோர்ட்டில், ஆஸ்பத்திரியில், பாதிரியார்களின் கூட்டங்களில் அவள் 'நான்' என்று சொல்லியிருக்கிறாள். திருடனாக, டாக்டராக, ஒரு முறை பிஷப்பாக. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் எல்லாம் போய்விடும்.

செமாப் ஊரின் பள்ளிக்கூடத் தகரக் கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. முன் பெஞ்சில் தொமிங்கோ தியுலும் அவர் மனைவி கந்தெலாரியாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மகள் மார்த்தாவைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் அணைக்காரர்கள் மதகைத் திறந்தார்கள். அபாயச் சங்கு ஊதவில்லை. கீழே கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளைத் தண்ணீர் கொண்டுபோனது. பாலத்தடியில் கிடைத்தாள். அவள் துவைத்து விரித்த துணிகள் கரைமேல் காய்ந்துகொண்டிருந்தன.

புதைத்த மறுநாளே தொமிங்கோ கோபானுக்குப் போய் அரசு வக்கீல் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டார். அதனால்தான் கம்பெனியின் பெரிய அதிகாரி ஹால்டன் விமானம் ஏறி வந்திருந்தார். நெட்டையான மனிதர். கழுத்து வெயிலில் சிவந்திருந்தது. கொட்டகைக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். கெட்ட ஆளாகத் தெரியவில்லை. டெல்ஃபினாவுக்கு அது பிடித்திருந்தது.

அவர் பேசினார். அவள் சொன்னாள். வருத்தம், துக்கம், பிரார்த்தனை எல்லாம் சரளமாகப் போயின. பிறகு அவர் அந்த வாக்கியத்துக்கு வந்தார். நடந்துவிட்ட இந்தத் துயரத்துக்கு நாங்கள் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்கிறோம்.

கெக்சியில் அதற்கு ஒரு சொல் உண்டு. கூட்டங்களில் புழங்குகிற சொல், ஸ்பானிஷிலிருந்து வந்தது. ரோடு போட வருகிறவர்கள், ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். டெல்ஃபினா அதையே சொன்னாள்.

பின்னாலிருந்து கிரிசாந்தாவின் குரல் வந்தது. சந்தையில் மிளகாய் விற்கிறவள். வாய்க்குப் பேர்போனவள்.

"என்னத்த எடுத்துக்கிட்டாராம்? எடுத்துக்கிட்டு எங்க கொண்டு போறாராம்?"

கொட்டகை சிரித்தது. துக்க வீட்டுக்காரர்கள் முன்னால் சிரிக்கிறோம் என்று தெரிந்தும் சிரித்தார்கள். கந்தெலாரியா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹால்டனின் காதுகள் சிவந்தன. அவர் டெல்ஃபினாவைப் பார்த்தார். வக்கீலும் பார்த்தார். அவளுக்கு முகம் சுட்டது. அவள் வேலையைப் பார்த்து ஊர் இதுவரை சிரித்ததில்லை.

ஹால்டன் மறுபடி முயன்றார். கையை நெஞ்சில் வைத்தார். நான் இதைச் சொந்தமாக்கிக்கொள்கிறேன் என்றார். இது என் தோள்மேல் என்றார். இது என் மேஜைக்கு வந்து நிற்கிறது, அதற்கு மேல் போகாது என்றார். டெல்ஃபினா கேட்டுக்கொண்டே நின்றாள். எடுக்கிறார், சுமக்கிறார், மேஜையில் வைக்கிறார். இதில் எதைச் சொன்னாலும் கிரிசாந்தா விடமாட்டாள்.

அவள் வாயைத் திறந்தாள்.

"என் கையால் நடந்தது."

சிரிப்பு நின்றது.

அது வாசலில் சொல்கிற வார்த்தை. மாடு அடுத்தவன் சோளத்தில் இறங்கினாலும் சரி, லாரிக்காரன் குழந்தைமேல் ஏற்றினாலும் சரி, யார் கையால் நடந்ததோ அவன் மெழுகுவத்தியும் பன்னும் கொக்கோவும் எடுத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போவான். உள்ளே போகமாட்டான். வாசலில் நின்று இதைச் சொல்வான். வீட்டார் மனசு ஆறும்வரை திட்டுவார்கள். அவன் வாய் திறக்கக் கூடாது. பிறகு உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். சாப்பிட்டு எழுந்தால் அதோடு கோர்ட்டும் இல்லை, பகையும் இல்லை. வாசலுக்கு வராமல் வேறெங்காவது சொல்லிவிட்டாலும் சொன்னவன் வந்தாக வேண்டும். சொல்லிவிட்டு வராதவன் என்று செமாப்பில் யாரையும் யாருக்கும் தெரியாது.

தொமிங்கோ எழுந்தார். மெல்ல நடந்து ஹால்டனுக்கு முன்னால் வந்து நின்றார். டெல்ஃபினாவைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"எப்ப வருவீங்க?"

டெல்ஃபினா ஆங்கிலத்தில் கேட்டாள். "திரும்பி வருவீங்களான்னு கேக்கறார்."

"கண்டிப்பா," என்றார் ஹால்டன். "நாங்க எங்கேயும் போயிட மாட்டோம்."

"வருவேன்," என்றாள் டெல்ஃபினா கெக்சியில்.

தொமிங்கோ கையை நீட்டினார். ஹால்டன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பெண்கள் அழுதார்கள். கிரிசாந்தாகூட சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள். அந்தக் கணத்தில் டெல்ஃபினாவுக்கு இருந்தது பெருமைதான். பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். பெருமையைத் தவிர வேறொன்றும் இல்லை.

திரும்பும்போது ஜீப்பில் ஹால்டன் பின்னால் திரும்பிச் சொன்னார். "நீங்க இல்லேன்னா இன்னிக்கு ஒண்ணும் நடந்திருக்காது."

"என் வேலைதானே சார்," என்றாள்.

*

இரண்டொரு நாளில் தொமிங்கோ கோபானுக்கு வந்து அவளைத் தேடிப் பிடித்தார். வெளுத்த சட்டை, கையில் தொப்பி.

"புகாரத் திரும்ப வாங்கணும்மா. ஸ்பானிஷ்ல பேச எனக்கு வாய் வராது. நீ வா."

"எதுக்குய்யா திரும்ப வாங்கணும்?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "அந்த மனுஷன் சொல்லிட்டாரே. ஊர் முன்னாடி சொன்னாரு. இனி நான் கோர்ட்ல நின்னா அசிங்கம் எனக்கில்லையா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சந்தை இரைச்சலில் அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் போனபிறகு முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதைக் கலைக்க டெல்ஃபினாவுக்கு மனசு வரவில்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதோடு, ஹால்டன் வந்தாலும் வருவார். கண் கலங்கினாரே.

அலுவலகத்தில் டை கட்டிய இளைஞன் ஒருவன் இருந்தான். தொமிங்கோ சொன்னார். டெல்ஃபினா சொன்னாள். "நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். சம்பந்தப்பட்டவர் என்னிடம் பேசிவிட்டார்."

"யாரும் மிரட்டலையே?" என்று கேட்டான்.

தொமிங்கோ சிரித்தார். "மிரட்டறவன் வாசலுக்கு வருவானா?"

டெல்ஃபினா அதை, "இல்லை," என்று மட்டும் சொன்னாள்.

அவர் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார். வெளியே வந்து அவளுக்குச் சோளக் கஞ்சி வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"அவர் வர்றன்னிக்கு நீயும் வந்துடும்மா. நாங்க திட்டறது அவருக்குப் புரிய வேணாமா? நீ இல்லாட்டா மனுஷன் முழிச்சுக்கிட்டு நிப்பாரு." சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "கந்தெலாரியா திட்டமாட்டா. அழுதுடுவா. நான்தான் திட்டணும். எனக்கும் வருமான்னு தெரியல."

கஞ்சி சூடாக இருந்தது. டெல்ஃபினாவால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

*

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்தால் இறந்தவருக்காக வீட்டில் வைத்த பீடத்தை எடுத்துவிடுவார்கள். படத்தை மடித்து வைத்து, பைன் இலையைப் பெருக்கி, வாடிய பூவை ஆற்றில் விடுவார்கள். அதோடு ஆன்மா கிளம்பும்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபினா சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது கிரிசாந்தா மிளகாய்க் கூடையோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்ன அங்கேயே பாக்கற? நம்ம கிட்டயும் வந்து வாங்கலாமே, ஆங்கிலக்காரி."

"வரேங்க்கா."

"உன் நெட்டையன் எங்க? அவருக்குச் சமைக்க வளக்கற வான்கோழி கிழவனாயிடுச்சு. தீனி போட்டே தொமிங்கோ ஓஞ்சு போயிட்டாரு. இன்னும் கொஞ்ச நாள் விட்டா அதுவே போயி மனுஷனக் கூட்டிட்டு வந்துடும்."

டெல்ஃபினா சிரிக்க முயன்றாள்.

"சிரிக்காத. பீடத்த இன்னும் எடுக்கல." கிரிசாந்தா குரலைத் தாழ்த்தினாள். "அவர் வந்து சாப்பிட்டுட்டுப் போனாத்தான் எடுப்பேன்னு கந்தெலாரியா பிடிவாதமா இருக்கா. ஒன்பதாம் நாளு எப்பவோ போயாச்சு. பூவ மாத்தி மாத்தி வெக்கிறா. ஊர்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க. பொண்ண இப்படிக் கட்டிப் போட்டா எப்படின்னு."

"அவங்க ஊரு தூரம்க்கா."

"தூரம்னா சொல்லாம இருந்திருக்கணும்." கிரிசாந்தா ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "நான் அன்னிக்குச் சிரிச்சேன் பாரு. அதுக்கு இன்னும் மனசு உறுத்துது. எடுத்துக்கிட்டு எங்க போறாருன்னு கேட்டனே. பாவம், நல்லாச் சொல்லத் தெரியாமத்தான் முதல்ல அப்படிச் சொன்னாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

டெல்ஃபினா தக்காளியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

*

வக்கீல் அரியாசாவின் அறையில் மின்விசிறி சுற்றியது. அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்.

"அதான் புகார் போச்சா! நான் என்னமோ ஹால்டன் பேச்சுலதான் போச்சுன்னு நினைச்சேன். டெல்ஃபினா, நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்திருந்தாக்கூட இவ்வளவு அழகா வந்திருக்காது."

"பாராட்ட வேணாம் சார். அவர்கிட்டப் பேசணும்."

"பேசுங்களேன். அவருக்கும் உங்களைப் பிடிக்கும்."

அவரே போனில் அழைத்து, மேஜைமேல் வைத்தார். ஹால்டனின் குரல் உற்சாகமாக வந்தது. நலம் விசாரித்தார். மழை வந்துவிட்டதா என்று கேட்டார்.

"அவங்க உங்களுக்காகக் காத்திருக்காங்க சார்."

"யாரு?"

"மார்த்தாவோட அப்பா அம்மா. நீங்க வந்து சாப்பிட்டாத்தான் பீடத்தை எடுப்பாங்களாம்."



"நான் அவங்க வீட்டுக்கு வரேன்னு யார் சொன்னது?"

"நீங்க சொன்னீங்க. எங்கேயும் போயிட மாட்டோம்னு."

"கம்பெனி இங்கேயேதான் இருக்கும்னு சொன்னேன்."

"பொறுப்பை எடுத்துக்கறேன்னு சொன்னீங்க."

"எடுத்துக்கிட்டேன். இப்பவும் எடுத்துக்கறேன். மனப்பூர்வமா." அவர் குரலில் கோபம் இல்லை. "ஆனா மதகைத் திறந்தது நான்னு சொல்லலையே. அன்னிக்கு நான் உங்க நாட்டுலயே இல்ல. யார் திறந்தாங்கன்னு இன்னும் விசாரிச்சுக்கிட்டிருக்கோம். டெல்ஃபினா, நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

அவள் சொன்னாள். கெக்சியில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். ஆங்கிலத்தில் கேட்டபோது அது ஒரு கொலைகாரனின் வாக்குமூலம் போல இருந்தது.

"அதை நான் சொல்லல," என்றார் ஹால்டன்.

"இல்ல சார்."

"நீங்க எனக்காகச் சொல்லிட்டீங்க."

இத்தனை நாளும் அவர்மேல்தான் அவளுக்குக் கோபம். ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது அவரைத்தான் மனசுக்குள் நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். இப்போது அவர் பேசியது ஒன்றுவிடாமல் உண்மையாக இருந்தது.

"ஏதோ புரிதல்ல குழப்பம் நடந்துபோச்சு சார்," என்றாள் ஆங்கிலத்தில்.

சொன்னதும் அதைக் காதால் கேட்டாள். எவ்வளவு சுத்தமாக வந்தது. செய்தது யார் என்பதே அதில் இல்லை, யாரோ வந்து எதையோ கலைத்துவிட்டுப் போனது போல. இதைத்தானே அந்தக் கொட்டகையில் அவரும் செய்தார்.

ஹால்டன் அவளை மன்னித்தார். இப்படி நடப்பது சகஜம் என்றார். அந்தக் குடும்பத்துக்கு ஒரு பூங்கொத்து அனுப்பச் சொல்கிறேன் என்றார். வைத்துவிட்டார்.

அரியாசா கைகளைத் தேய்த்துக்கொண்டார். "முடிஞ்சுதா? இதோட விட்டுடுங்க. புகார் போயாச்சு. மலை ஜனங்க, நாலு மாசத்துல மறந்துடுவாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்கள்ல இன்னும் கூட்டம் இருக்கு. உங்களைத்தான் கேட்டிருக்கார், தெரியுமா?"

"இதை யாராவது அவங்ககிட்டச் சொல்லணும்."

"எதை? அவர் சொல்லாததை நீங்க சொன்னதையா?" அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முதல் முறையாகச் சிரிப்பு இல்லை. "சொன்னா அப்புறம் உங்களை யார் கூப்பிடுவா? மொழிபெயர்க்கிறவங்களுக்கு வாய் ஒண்ணுதானே சொத்து."

*

பன், மெழுகுவத்தி, கொக்கோ. கோபான் சந்தையில் மூன்றையும் வாங்கினாள். கடைக்காரி பையைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. அந்த மூன்றையும் சேர்த்து வாங்குகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

செமாப்பில் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி மேட்டில் ஏறினாள். கந்தெலாரியா வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். தூரத்திலேயே டெல்ஃபினாவின் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டாள். எழுந்தாள். முகம் மலர்ந்தது. பாவாடையில் ஒட்டிய சோளத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, டெல்ஃபினாவைத் தாண்டிப் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

"அவர் பின்னாடி வர்றாரா? ஏறி வர முடியலையா? தொமிங்கோவப் போகச் சொல்லட்டா?"

"யாரும் வரலம்மா."

"சாமான நீ தூக்கிட்டு வந்திருக்கியே."

"ஆமாம்மா."

"சரி, ஏன் அங்கயே நிக்கற? உள்ள வா. உனக்கென்ன?"

"நான் உள்ள வரக் கூடாதும்மா."

கந்தெலாரியா அவளைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். மறுபடி பாதையைப் பார்த்தாள். தொமிங்கோ உள்ளிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், இருட்டில், பீடம் தெரிந்தது. மார்த்தாவின் படம், புதுப் பைன் இலை, அன்று காலை பறித்த பூ. குங்கிலிய வாசனை வந்தது.

டெல்ஃபினா மண்டியிட்டாள். சாமான்களை முன்னால் வைத்தாள். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

"என் கையால் நடந்தது," என்றாள். "அந்த ஆள் இதச் சொல்லல. நான்தான் சொன்னேன். வருவேன்னும் நான்தான் சொன்னேன்."

வேலிக்கு அப்பால் கிரிசாந்தா வந்து நின்றாள். "என்ன, நெட்டையன் டூப்பு அனுப்பிட்டானா?" என்று ஆரம்பித்தவள், டெல்ஃபினா மண்டியிட்டிருப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப அவர் என்னதான் சொன்னாரு?" என்று கேட்டார் தொமிங்கோ.

டெல்ஃபினா அதைச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் விடாமல் சொன்னாள். "இப்படி நடந்ததுல எங்களுக்கு வருத்தம். இனி நடக்காமப் பாத்துக்கறோம். இந்த விஷயத்த நான் கவனிச்சுக்கறேன்."

"தண்ணியத் திறந்தது யாருன்னு?"

"அதச் சொல்லலய்யா."

"சங்கு ஏன் ஊதலன்னு?"

"அதையும் சொல்லல."

தொமிங்கோ தன் வலது கையைப் பார்த்தார். "நான் அவர் கையப் பிடிச்சேனே," என்றார். "ஊர் முன்னாடி. நானாப் போயி."

டெல்ஃபினா தலையைக் குனிந்தாள். "திட்டுங்கய்யா."

அவர் திட்டவில்லை. நிலையில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தார். அவருக்குத் திட்ட வராது என்று அவரே சொல்லியிருந்தார். பேசியது கந்தெலாரியா. அவள் அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"தினமும் அவருக்காக ஜெபம் பண்ணினேன். என் பொண்ணுக்குப் பண்ணி முடிச்சதும் அவருக்கு. அவ்வளவு தூரத்துலேருந்து வரணுமே, வழியில அவருக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு. பொண்ண இங்கயே இருத்தி வெச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் பொறுடி, அந்த ஆளு வரட்டும், வந்து ஒரு வாய் சாப்பிடட்டும், அப்புறம் போன்னு தினமும் அவகிட்டச் சொன்னேன். அவ போகாம நின்னா. நீ டவுன்ல இருந்தே. தெரிஞ்சுக்கிட்டே இருந்தே."

"ஆமாம்மா."

"புகார வாங்கப் போனப்பவும் பக்கத்துல நின்னே. இவரு கஞ்சி வாங்கிக் குடுத்தாருன்னு வந்து சொன்னாரு. நல்ல பொண்ணுன்னு சொன்னாரு. குடிச்சியா?"

"பாதி குடிச்சேன்."

கந்தெலாரியா உள்ளே போனாள். உள்ளே கூப்பிடுவாளோ என்று டெல்ஃபினா ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கே கூசினாள். கந்தெலாரியா வெளியே வந்து பையை எடுத்து அவள் கையில் திரும்பக் கொடுத்தாள்.

"கொண்டு போ. இந்தச் சாப்பாடு உனக்குச் சமைக்கறதுக்கில்ல. யாருக்குன்னு இனிமேத்தான் தெரியணும்."

கிரிசாந்தா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். டெல்ஃபினா அவளைக் கடந்து போனாள். வையாமல் நின்ற கிரிசாந்தாவை டெல்ஃபினா அன்றுதான் பார்த்தாள்.

பாதித் தூரம் இறங்கியபோது தொமிங்கோ பின்னால் வந்து கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"நாளைக்குக் கோபானுக்கு வரேன். புகார மறுபடி குடுக்கணும்." நிறுத்தினார். அவளைப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் பார்த்துச் சொன்னார். "நீதான் பேசணும். வேற யாரு இருக்கா எனக்கு?"

*

அதே டை, அதே இளைஞன். அவன் டெல்ஃபினாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான்.

"நீங்கதானே அன்னிக்கும் வந்தீங்க? மறுபடி என்ன?"

"புகாரை மறுபடி கொடுக்கணுமாம்."

"திரும்ப வாங்கினதை மறுபடி கொடுக்கிறதுன்னா காரணம் எழுதணும். சும்மா எழுத முடியாது. என்ன காரணம்னு கேளுங்க."

அவள் கேட்டாள். தொமிங்கோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். யோசித்தார். டெல்ஃபினாவைப் பார்க்காமல், இளைஞனைப் பார்த்து, கெக்சியில் சொன்னார். மெதுவாக, அவன் புரிந்துகொள்வான் என்பது போலச் சொன்னார்.

அவர் முடிக்கும்வரை டெல்ஃபினா காத்திருந்தாள். பிறகு ஸ்பானிஷில் சொன்னாள்.

"அந்த அதிகாரி சொல்லாத ஒன்றைச் சொன்னார் என்று ஒரு பெண் என்னை நம்ப வைத்தாள். அதை நம்பித்தான் புகாரைத் திரும்ப வாங்கினேன். அவள் தெரிந்தே என் பக்கத்தில் நின்றாள்."

இளைஞன் தட்டச்சு செய்துகொண்டே கேட்டான். "எந்தப் பெண்? பேர் வேணுமே."

அவள் அந்தக் கேள்வியைத் தொமிங்கோவிடம் சொல்லவில்லை.

"டெல்ஃபினா சோக்," என்றாள்.

விரல்கள் நின்றன. இளைஞன் நிமிர்ந்தான். அவளையும் தொமிங்கோவையும் மாறி மாறிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், இதை எழுதினா உங்களை விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. அப்புறம் எந்தக் கோர்ட்லயும் உங்களை நிக்க விடமாட்டாங்க. பேர் தெரியலைன்னு போட்டுக்கலாம். ஏதோ தவறுதலா நடந்துபோச்சுன்னு எழுதினாப் போதும்."

"பேரை எழுதுங்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகத் தட்டினான். தாள் வெளியே வந்தது. தொமிங்கோவுக்கு முன்னால் வைத்தான். மைப்பெட்டியை நகர்த்தினான்.

தொமிங்கோ விரலை வைக்கவில்லை.

"அவன் என்னமோ கேட்டான். நீ எனக்குச் சொல்லல," என்றார்.

"எந்தப் பொண்ணுன்னு கேட்டாங்கய்யா."

"நீ என்ன சொன்ன?"

"என் பேரச் சொன்னேன்."

அவர் தாளைக் கையில் எடுத்தார். படிக்கத் தெரியாது. மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவளிடம் நீட்டினார்.

"எங்க இருக்கு?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து, அந்த இடத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார். பிறகு கட்டைவிரலை மையில் அழுத்தினார்.